வாக்குத்தத்த வசனம் கையில் இருந்தும் தீர்மானம் எடுக்க முடியவில்லை: வேதம் எவ்வாறு வழிகாட்டுகிறது?

உவர்மலை வாசகன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் திருகோணமலையில் மெதடிஸ்த திருச்சபையைச் சேர்ந்த குடும்பத்தினர். கடந்த ஆண்டு அப்பா காலமானார். அதன்பின் வந்த டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையின் முடிவில் வழமைபோல, ஆண்டவருடைய வாக்காக ஒரு வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டைகளை ஆளுக்கொன்றாக எடுத்தபோது, எனக்கு எரேமியா 29:11 கிடைத்தது: "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அம்மா அந்த அட்டையை அப்பாவின் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார்.

இப்போது எனக்குக் கட்டாரில் ஒரு வேலை வந்திருக்கிறது. இந்த மாத முடிவுக்குள் பதில் சொல்லவேண்டும் என்று முகவர் கேட்கிறார். நான் போனால் அம்மாவும், உயர்தரம் படிக்கும் தங்கையும் தனித்திருப்பார்கள். போகாவிட்டால் அப்பாவின் சிகிச்சைக்காக வாங்கிய கடனை இங்குள்ள சம்பளத்தில் எப்போது அடைப்பேன் என்று தெரியவில்லை. கர்த்தர் அந்த வசனத்தின் மூலம் ஏற்கெனவே பேசிவிட்டார், நீ துணிந்து போ என்று அம்மா சொல்கிறார். சித்தப்பாவோ, அதே வசனத்தில் சமாதானம் என்று இருப்பதால் தாயை விட்டுப் போகக்கூடாது என்கிறார். நான் அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். எந்தப் பக்கமும் மனம் சாயவில்லை. சிறுவயதில் வேதத்தைத் திறந்தாலே கிடைத்த ஆறுதலும் இப்போது கிடைப்பதில்லை. ஒரு வசனம் எங்களுக்கு வழிகாட்டுவது எவ்விதம் என்பதையும், பலன் உணராத நாட்களில் எதை வாசிப்பது என்பதையும் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

நிலாவெளி ஆசிரியை

தம்பி, முதலில் உங்கள் குடும்பத்துக்கு என் அனுதாபம். உங்கள் கையில் இருக்கும் வசனத்திலிருந்தே தொடங்குவோம், ஏனெனில் அந்த வசனத்தைத் தனியாக வைத்திருப்பவர்களுக்கு அதன் பாதிப் பலம்கூடக் கிடைப்பதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

எரேமியா 29 ஒரு கடிதம். கி.மு. 597 இல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து அரசனையும் கைவினைஞர்களையும் பாபிலோனுக்குச் சிறைபிடித்துச் சென்ற பின்னர், அங்கே இருந்தவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து அனுப்பியது. அதற்கு முந்திய அதிகாரத்தில் அனனியா என்ற ஒருவர், இரண்டு ஆண்டுகளுக்குள் எல்லாம் திரும்பிவரும் என்று ஆலயத்தில் நின்று சொல்கிறார். கேட்கிற எவருக்கும் இனிமையான சொல் அது. எரேமியாவின் கடிதமோ எழுபது ஆண்டுகள் என்கிறது. அதாவது, கடிதத்தைக் கையில் வாங்கிய முதியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பப்போவதில்லை. அவர்களுக்குத்தான் 'சமாதானத்துக்கேதுவான நினைவுகள்' என்று சொல்லப்படுகிறது. வசனம் 5 முதல் 7 வரை வாசியுங்கள்: வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைபிடித்துக் கொண்டுவந்த அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபம்பண்ணுங்கள்.

இதை எங்கள் மாவட்டத்தார் விளங்கிக்கொள்வதற்கு விரிவுரை தேவையில்லை. 2006 இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் கிளிவெட்டி முதலிய இடங்களின் முகாம்களில் ஆண்டுக்கணக்காக இருந்தார்கள். நாளைக்குப் போய்விடுவோம் என்று ஒவ்வொரு மாதமும் நம்பி நம்பி ஏமாந்த மனம் எப்படி ஓய்ந்துபோகும் என்பதும், இருக்கிற இடத்தில் ஒரு முருங்கைக் கிளையை நட்டுவிட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிற தாயின் பலம் எத்தகையது என்பதும் இங்கே பலருக்குத் தெரியும். அந்தத் தாய்க்கு எழுதப்பட்ட வசனமாக 29:11 ஐ வாசித்துப் பாருங்கள்.

ஆகவே உங்கள் அம்மாவும் சித்தப்பாவும் தேடுகிற விடை அந்த வசனத்தில் இல்லை என்றே நான் நினைக்கிறேன். கட்டாருக்குப் போ என்றோ போகாதே என்றோ அது சொல்லவில்லை. காலம் நீளும், அந்த நீண்ட காலத்திலும் நான் உங்களை மறக்கவில்லை என்றுதான் சொல்கிறது. எங்கே இருந்தாலும் அந்த வாக்கு நிற்கும்.

பாலையூற்றுச் சகோதரன்

ஆசிரியை அவர்களுக்கு என் மரியாதை. ஆனால் இதில் என்னால் முழுவதும் உடன்பட முடியவில்லை. சந்தர்ப்பம், வரலாறு என்று எல்லாவற்றையும் ஆராய்ந்த பிறகுதான் ஒரு வசனம் பேசும் என்றால், எழுத்தறியாத எங்கள் பாட்டிமாருக்கு வேதம் ஒருநாளும் பேசியிருக்காது.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்த நாள். நத்தாருக்கு மறுநாள். அன்றிரவு நாங்கள் தங்கியிருந்த பாடசாலையில் ஒரு வயோதிப மாது 46ஆம் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொன்னார். பூமி நிலைமாறினாலும், மலைகள் நடுச்சமுத்திரத்தில் சாய்ந்துபோனாலும், அதின் ஜலங்கள் கொந்தளித்துப் பொங்கினாலும் நாம் பயப்படோம் என்ற வரிகளை அந்த இரவில் கேட்ட எங்களில் எவரும், அதை யார் எப்போது பாடினார் என்று கேட்கவில்லை. பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருந்தவர்கள்கூட வந்து அந்த அம்மாவின் அருகில் இருந்தார்கள். அந்த வசனம் அன்றைக்கு எங்களுக்காகவே எழுதப்பட்டதாக இருந்தது. தம்பிக்குக் கிடைத்த அட்டையையும் கர்த்தருடைய கை தொடவில்லை என்று நாம் ஏன் சொல்லவேண்டும்?

நிலாவெளி ஆசிரியை

சகோதரரே, அந்த இரவை நீங்கள் எழுதியதற்கு நன்றி. அந்த அம்மாவுக்கு வேதம் பேசியதை நான் ஒருபோதும் மறுக்கமாட்டேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அவர் சங்கீதத்தை முழுவதுமாகச் சொன்னார். ஒரு சங்கீதத்தை முழுவதும் மனத்தில் சுமந்தவர், எழுத்தறியாவிட்டாலும் அதன் சந்தர்ப்பத்தோடு சுமந்தவரே. அவர் அதிலிருந்து பயணத்துக்கோ பணத்துக்கோ உத்தரவு கேட்கவில்லை. துணை கேட்டார், அது கிடைத்தது.

ஓய்வுபெற்ற உபதேசியார்

இருவர் சொல்வதிலும் உண்மை இருப்பதால், இந்த அட்டை வழக்கத்தைப் பற்றிச் சிறிது எழுதுகிறேன். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனம் என்ற வழக்கம் புதியதன்று. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மொராவிய சகோதரர்கள் 1728 இல் தங்கள் தலைவர் சின்சென்டார்ப் பிரபு அன்றாடம் கொடுத்த ஒரு வசனத்தை வீடு வீடாகச் சொல்லத் தொடங்கினார்கள். 1731 முதல் அதை ஆண்டுதோறும் நூலாக அச்சிட்டு வருகிறார்கள். வசனங்களைச் சீட்டுப்போட்டே எடுப்பார்கள். ஆனால் அந்தச் சபை எடுத்த வசனம் முழுச் சபைக்கும் ஒரே வசனம். எல்லாரும் அன்று அதையே தியானித்தார்கள். எங்களிடம் அது தனித்தனி அட்டையாகி, என் வசனம், உன் வசனம் என்று பிரிந்துவிட்டது. எனக்கு அதில்தான் வருத்தம்.

எங்கள் மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும் வேதத்தைத் திறந்தவுடன் கண்ணில்பட்ட வசனத்தைப் பொருட்படுத்தியவரே. 1738 மே 24 அன்று காலையில் அவர் புதிய ஏற்பாட்டைத் திறந்தபோது 2 பேதுரு 1:4 கண்ணில்பட்டது என்று அவரே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அன்றைய மாலையில்தான் லண்டனில், ஆல்டர்ஸ்கேட் வீதியில், ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசிக்கக் கேட்டபோது அவருடைய உள்ளம் விசித்திரமாய் அனல்கொண்டது. காலையில் தற்செயலாகத் திறந்த வசனத்தோடு அவர் நின்றுவிடவில்லை. போக விருப்பமில்லாமலே போன ஒரு கூட்டத்தில், மற்றவர்களோடு இருந்து, இன்னொருவர் வாசிக்கக் கேட்டார்.

அகுஸ்தீனைப் பற்றியும் சொல்வார்கள். 386 இல் மிலான் நகரின் தோட்டத்தில் 'எடுத்து வாசி' என்ற குரலைக் கேட்டு அவர் திறந்த பக்கம் ரோமர் 13:13,14. அது அவரை மாற்றியது. ஆயினும் பிற்காலத்தில் ஆயராக இருந்து யனுவாரியுஸ் என்பவருக்கு எழுதிய கடிதத்தில், சுவிசேஷப் பக்கங்களைத் திறந்து உலகக் காரியங்களுக்குக் குறிபார்க்கும் வழக்கம் தமக்குப் பிடிக்கவில்லை என்று அதே அகுஸ்தீன் எழுதினார். பேய்களிடம் போய்க் கேட்பதைவிட இது மேலானது என்று மட்டும் ஒப்புக்கொண்டார்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது மத்தேயு 4. தேவாலயத்தின் உப்பரிகையில் நின்று இயேசுவுக்கு வாக்குத்தத்த வசனம் எடுத்துக் கொடுத்தவன் சோதனைக்காரனே. அவன் எடுத்தது 91ஆம் சங்கீதம். வசனம் சரியானதுதான், ஒரு சொல்லும் பொய் இல்லை. இயேசு அதை மறுக்காமல், 'என்றும் எழுதியிருக்கிறதே' என்று உபாகமத்திலிருந்து இன்னொரு வசனத்தை அதன் அருகில் வைத்தார். அவர் கொடுத்த மூன்று பதில்களும் உபாகமம் 6, 8 ஆகிய அதிகாரங்களிலிருந்து வந்தவை. வனாந்தரத்தில் பசியோடு இருந்தவருடைய மனத்தில் அந்தப் பகுதி முழுவதும் நின்றது. தம்பி, உமது அட்டையின் அருகிலும் வேறு வசனங்களை வையும். தகப்பனற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் விசாரிப்பதைப் பற்றி யாக்கோபு 1:27 சொல்வதையும், தன் சொந்த வீட்டாரை விசாரிப்பதைப் பற்றி 1 தீமோத்தேயு 5:8 சொல்வதையும் வைத்து வாசியும். கடனை அடைப்பதும் விசாரிப்பே, அருகில் இருப்பதும் விசாரிப்பே. எது இப்போது உம்முடைய வீட்டில் அதிகம் தேவை என்பதை வசனம் சொல்லாது; அம்மாவும் தங்கையும்தான் சொல்லவேண்டும். தங்கையைக் கேட்டீரா?

கொட்டியாரக் குடாக்காரன்

நான் கத்தோலிக்கன்; எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கடல்தொழில். உபதேசியார் ஐயா சொன்னதோடு திருத்தூதர் பணிகள் 27ஆம் அதிகாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாடைக்காலத்தில் கடலுக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கு அந்த அதிகாரத்தின் ஒவ்வொரு வரியும் தெரிந்த காரியம். பருவம் தப்பிவிட்டது, புறப்படவேண்டாம் என்று பவுல் முன்கூட்டியே சொல்கிறார், கப்பல்காரர் கேட்கவில்லை. புயலில் பல நாள் கதிரவனும் விண்மீன்களும் தெரியவில்லை. அந்த வேளையில்தான், கப்பலில் உள்ள ஒருவர் உயிரும் சேதமாகாது என்று கடவுளின் தூதர் வாக்குக் கொடுக்கிறார்.

வாக்குக் கிடைத்துவிட்டது என்று யாரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை என்பதுதான் எனக்கு இந்த அதிகாரத்தில் பெரிய பாடம். ஆழம் பார்க்கிறார்கள்: இருபது பாகம், சற்றுத் தூரம் போய்ப் பதினைந்து பாகம். பாறையில் மோதிவிடும் என்று பின்பக்கமாக நான்கு நங்கூரம் போடுகிறார்கள். கப்பலாட்கள் படகை இறக்கித் தப்பியோடப் பார்த்தபோது, இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பமாட்டீர்கள் என்று பவுலே நூற்றுவர் தலைவரிடம் சொல்கிறார். வாக்கை நேரே கேட்டவர், தொழில் தெரிந்தவன் கப்பலில் இருக்கவேண்டும் என்கிறார்! பிறகு பதினான்கு நாளாக ஒழுங்காய்ச் சாப்பிடாத 276 பேருக்கும் சாப்பிடும்படி சொல்லி, அப்பத்தை எடுத்து நன்றி கூறிப் பிட்டு, தானும் உண்கிறார்.

அந்த வேலையின் ஒப்பந்தத்தைக் கையில் வாங்கி, விளங்குகிற மொழியில் வாசித்தீர்களா? வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அந்த முகவர் பதிவு பெற்றவரா என்று பார்த்தீர்களா? ஆழம் பார்க்காமல் ஜெபம் மட்டும் செய்வது விசுவாசத்தின் அடையாளம் என்று எங்கள் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்கக்கூடாது.

குவாடலூப்பே பங்குப் பெண்

குடாக்கார அண்ணா சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன். எங்கள் மறைமாவட்டத்தில் இயேசு சபைக் குருக்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பணிசெய்ததால், அச்சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் தெளிந்து தேர்தல் முறை, அதாவது கடவுளின் விருப்பத்தைச் செபத்தில் தெளிந்து தீர்மானிக்கும் முறை, தியானங்களில் எங்களுக்குக் கற்பிக்கப்பட்டது. அதிலிருந்து இரண்டு காரியங்களைத் தம்பிக்குச் சொல்கிறேன்.

ஒன்று, மனம் வறண்டு ஆறுதலற்றுக் கிடக்கிற காலத்தில் புதிய மாற்றம் எதையும் செய்யாமல், ஆறுதலான காலத்தில் எடுத்த தீர்மானத்தில் நிலைத்திருக்கவேண்டும் என்று அவர் சொல்கிறார். ஆகவே அப்பா இருந்தபோது உங்கள் எதிர்காலத்தைப் பற்றி நீங்கள் இருவரும் என்ன பேசினீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். மற்றது, இரண்டு வழிகளும் நல்லவையாக இருந்து எது என்று தெரியாதபோது, உங்களுக்கு முன்பின் தெரியாத ஒருவர் இதே நிலையில் வந்து நின்றால் நீங்கள் அவருக்கு என்ன ஆலோசனை சொல்வீர்களோ, அதையே உங்களுக்கும் சொல்லிப் பாருங்கள் என்கிறார். இதை ஒருநாள் எழுதிவைத்துச் செபியுங்கள். பயத்தினாலா, அன்பினாலா நீங்கள் ஒரு பக்கம் சாய்கிறீர்கள் என்பது எழுதும்போது வெளிப்படும்.

மூதூர் மகள்

எல்லாரும் தீர்மானத்தைப் பற்றியே எழுதுகிறீர்கள். அந்தப் பிள்ளை தன் இரண்டாவது கேள்வியில் தகப்பனை இழந்த துக்கத்தைச் சொல்கிறது.

தம்பி, நான் என் கணவரை இழந்தவள். பலப்படுங்கள், பலப்படுங்கள் என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு என்கிற பிலிப்பியர் 4:13 ஐச் சொல்லாதவர் இல்லை. பவுல் அதைக் கட்டுண்டிருந்த நிலையில், தாழ்ந்திருக்கவும் பட்டினியாயிருக்கவும் கற்றுக்கொண்டதைச் சொல்லும்போது எழுதினார் என்று எனக்கு எவரும் சொல்லவில்லை. எனக்கு உதவியது 88ஆம் சங்கீதம். அது இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. கடைசியில் ஒரு ஆறுதல் வார்த்தைகூட இல்லை. அப்படி ஒரு ஜெபத்தைத் தேவன் தம்முடைய வேதத்தில் வைத்திருக்க அனுமதித்தார் என்பதே எனக்கு அந்த நாட்களில் ஆதாரமாக இருந்தது. நான் உணர்ந்ததைப் பாசாங்கு இல்லாமல் அவரிடம் சொல்லலாம் என்று அறிந்தேன். யோபுவின் சிநேகிதரும் ஏழு நாள் பேசாமல் தரையில் அவரோடு உட்கார்ந்திருந்தவரைக்கும் நல்லவர்களாகவே இருந்தார்கள்.

எலியா சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, போதும் கர்த்தாவே என்று சாவைக் கேட்டபோது தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்தான், மறுபடியும் தூங்கவிட்டான், மறுபடியும் சாப்பிடச் சொன்னான். வழிகாட்டல் அதற்குப் பிறகுதான், ஓரேப் மலையில். நீங்கள் சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா? வசனம் மனத்தில் ஏறாவிட்டால் அதற்காக உங்களைக் குற்றப்படுத்தாதீர்கள். அம்மா சத்தமாக வாசிக்க நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள், போதும்.

பாலையூற்றுச் சகோதரன்

அக்கா, உங்கள் பதிவை வாசித்து அழுதேன். ரோமர் 12:15 அழுகிறவர்களுடனே அழும்படி சொல்கிறது. எங்கள் சபைகளில் சாட்சி சொல்லும் நேரம் உண்டு, ஆனால் புலம்புவதற்கு நேரம் இல்லை என்பதை நினைத்துப் பார்க்கிறேன். புலம்பல் என்று ஒரு புத்தகமே வேதத்தில் இருக்கிறது. 'அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை' என்று நாம் பாடுவது அதன் மூன்றாம் அதிகாரத்தில், நடுவில் வருகிறது. அதற்கு முன்னும் பின்னும் கண்ணீர்தான்.

உவர்மலை வாசகன்

உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி. உபதேசியார் ஐயா கேட்டபடி நேற்று தங்கையைக் கேட்டேன். அப்பா இறந்த பிறகு அவளிடம் எவரும் எதையும் கேட்கவில்லை என்று சொல்லி அழுதாள். தன் பரீட்சை முடியும்வரை மட்டும் நான் வீட்டில் இருந்தால் போதும் என்றும், அதன்பின் அம்மாவைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னாள். ஒப்பந்தத்தின் பிரதியை அனுப்பும்படியும், சேரும் திகதியைப் பிற்போட முடியுமா என்றும் முகவரிடம் கேட்டிருக்கிறேன். முடியாதென்றால் இந்த வாய்ப்பை விட்டுவிடவும் மனம் ஓரளவு ஆயத்தமாகியிருக்கிறது. எரேமியா 29 ஐ அம்மாவோடு முழுவதும் வாசித்தேன். எழுபது ஆண்டுகள் என்ற இடத்தில் அம்மா நிறுத்தி, அப்பாவின் பெற்றோர் இடம்பெயர்ந்து வந்த கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

இன்னுமொரு உதவி. அடுத்த வாரம் அப்பாவின் ஓராண்டு நினைவு ஜெபக்கூட்டம் வீட்டில் நடக்கும். கத்தோலிக்க உறவினர்களும் வருவார்கள். எந்தப் பகுதியை வாசிக்கலாம்?

ஓய்வுபெற்ற உபதேசியார்

தங்கையைக் கேட்டது நல்லது. மெதடிஸ்தராகிய நாங்கள் ஆண்டின் தொடக்கத்தில் நடத்தும் உடன்படிக்கை ஆராதனையை வெஸ்லி 1755 இல் ஏற்படுத்தினார். என்னைப் பணியில் அமர்த்தினாலும் ஒதுக்கிவைத்தாலும், நிறைவாக்கினாலும் வெறுமையாக்கினாலும் நான் உம்முடையவன் என்ற பொருளுடைய அந்த ஜெபத்தை, வேலை கிடைப்பதற்கு முன்னும் பின்னும் ஒரேவிதமாகச் சொல்லலாம். கூட்டத்தின் முடிவில் அதை வைத்துக்கொள்ளும்.

நிலாவெளி ஆசிரியை

வாசிப்புக்கு 77ஆம் சங்கீதத்தைப் பரிந்துரைக்கிறேன். மூதூர் அக்கா சொன்ன துக்கமும் நீங்கள் கேட்ட வழிகாட்டலும் அதில் ஒன்றாக இருக்கின்றன. பாடுகிறவர் இரவில் தூங்கமுடியாமல், ஆண்டவர் கிருபை செய்ய மறந்தாரோ என்று கேட்கிறார். பிறகு தன் ஜனத்தைத் தேவன் கடல்வழியே நடத்திய பழைய நாளை நினைக்கிறார். "உமது வழி கடலிலும், உமது பாதைகள் திரண்ட தண்ணீர்களிலும் இருந்தது, உமது காலடிகள் தெரியப்படாமற்போயிற்று" என்கிறார். நடத்தப்பட்டவர்களுக்கே காலடிகள் தெரியவில்லை. அடுத்த, கடைசி வசனத்தில், மோசே ஆரோன் என்னும் மனிதருடைய கையினால் நடத்தினீர் என்று சங்கீதம் முடிகிறது.

முதல் ஒன்பது வசனங்களை அம்மாவும், பத்திலிருந்து தங்கையும் வாசிக்கட்டும். இரு திருச்சபையாரும் சேர்ந்து இருப்பதால், 1995 இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பை வைத்துக்கொள்ளலாம். அதிலும் இந்தச் சங்கீதத்தின் எண் 77 தான். அம்மாவுக்குப் பழைய மொழிபெயர்ப்பு மனப்பாடமாக இருந்தால் அதையே வாசிக்கட்டும், மற்றவர்கள் தங்கள் புத்தகத்தில் பார்த்துக்கொள்வார்கள். கூட்டம் எந்த நாளில், எத்தனை மணிக்கு என்று எனக்குத் தனிமடலில் அறிவியுங்கள். நிலாவெளியிலிருந்து வரக்கூடியவர்களைச் சேர்த்துக்கொண்டு வருகிறேன்.

மூதூர் மகள்

நானும் வருகிறேன். இரவுச் சாப்பாட்டுக்கு அம்மா தனியாக அடுப்படியில் நிற்கவேண்டாம். இடியப்பமும் சொதியும் நான் கொண்டுவருவேன் என்று சொல்லிவிடுங்கள்.